புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்: முதுகலை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்தில் இதழியல், சமூகப் பணி, ஆங்கில இலக்கியம் என்று முதுகலை படிக்கும் பிள்ளைகள் வருடத்துக்குச் சிலராவது என்னைத் தேடி வருகிறார்கள். "அக்கா, புற்றுநோய் நிறுவனத்தில் சுகாதாரத் தகவல் தொடர்புப் பிரிவுக்கு இன்டர்ன்ஷிப் போடுகிறேன், விண்ணப்பத்தைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்பார்கள். பத்தில் எட்டு கடிதங்கள் ஒரே மாதிரி தொடங்கும். பாட்டிக்கோ பெரியப்பாவுக்கோ புற்றுநோய் வந்தது, அந்த வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதனால் இந்தத் துறைக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்.

அந்த வேதனை உண்மையானது. நானும் அதைச் சுமந்துகொண்டுதான் புற்றுநோய் பற்றி மக்களிடம் பேசும் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் தேர்வு செய்பவர் அந்தக் கடிதத்தில் வேறு ஒன்றைத் தேடுகிறார். பாட்டிக்கு என்ன நோய், அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பதைப் பாட்டிக்கே புரிகிற மாதிரி இந்தப் பிள்ளையால் எழுத முடியுமா? அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லாமல் விட்டது எது, அதை நீங்கள் எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பாட்டி கதைக்கு அப்போதுதான் அந்தக் கடிதத்தில் இடம் கிடைக்கும்.

அடுத்த தவறு, எல்லா இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1937-ல் சட்டம் போட்டு உருவாக்கப்பட்ட அரசு அமைப்பு. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதும், ஆராய்ச்சி செய்வதும், முடிவுகளை மக்களுக்குச் சொல்வதும் அதன் வேலை. முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக அங்கே சுகாதாரத் தகவல் தொடர்பு இன்டர்ன்ஷிப் நடந்துவந்தது; இப்போதும் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1965-ல் உலக சுகாதார அமைப்பின் கீழ் தொடங்கப்பட்டது. நோய் எதனால் வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்று ஆராயும் இடம் அது. அங்கே நோயாளிகளே கிடையாது. அடையாறு புற்றுநோய் நிறுவனமோ 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் வந்தது. அங்கே சிகிச்சை, ஆராய்ச்சி, புற்றுநோய்ப் பதிவேடு மூன்றும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. லியோனுக்கு எழுதும் கடிதத்தில் "தங்கள் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்ல ஆசை" என்று இருந்தால், படிப்பவர் முதல் பத்தியோடு நிறுத்திவிடுவார். தகுதி விதிகளும் அப்படித்தான். குடியுரிமை, எந்தப் பட்டம், எந்த ஆண்டு முடித்தீர்கள் என்பதை முதலில் பாருங்கள். கடிதத்தை அப்புறம் எழுதலாம்.

எழுத்து மாதிரி கேட்டால் ஆய்வேட்டிலிருந்து ஒரு அத்தியாயத்தை வெட்டி அனுப்பாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் அம்மாவுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதி முடிக்க மூன்று நாள் ஆகும். ஆகட்டும்.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் தவறுகளால் ஊருக்கே கெடுதல்.

எழுதுவதற்கு முன் கேட்காமல் விடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நினைக்கிறேன். ஆங்கிலக் கையேட்டை வைத்துக்கொண்டு நல்ல தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். "கதிர்வீச்சு சிகிச்சை" என்று அழகாக எழுதுகிறார்கள். நம் ஊரில் அதற்குப் பேர் கரண்டு வைப்பது. "பாலரெங்காபுரத்துல எங்க அத்தைக்கு முப்பது கரண்டு வச்சாக" என்றுதான் பேசுவார்கள். பாலரெங்காபுரம் என்றால் மதுரையில் இருக்கும் அரசுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. கரண்டு என்ற சொல்லைக் கேட்டதும் ஷாக் அடிக்கும், உடம்பு கருகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கதிர்வீச்சு என்று மட்டும் எழுதினால் அந்தப் பயத்தை நாம் தொடவே இல்லை. "கரண்டு வைப்பது என்று சொல்கிறோமே, அதில் மின்சாரம் உடம்பில் பாயாது. எக்ஸ்ரே எடுப்பது மாதிரி படுத்திருந்தால் போதும், அந்த நேரத்தில் வலி தெரியாது. நாளாக ஆக அந்த இடத்துத் தோல் கறுக்கலாம், புண்ணாகலாம். அப்படி ஆனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்" என்று எழுதினால் பயம் இருக்கிற இடத்துக்கே போய்ப் பேசுகிறோம்.

இன்னொன்று புகையிலை. கணக்கெடுப்புத் தாளை எடுத்துக்கொண்டு போய் ஒரு பாட்டியிடம் "புகையிலை பழக்கம் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பார். பொய் சொல்லவில்லை. புகை என்று காதில் விழுந்ததும் பீடி, சிகரெட்டைத்தான் நினைக்கிறார். "வெத்தலை போடுவீகளா? கூட என்ன சேப்பீக?" என்று கேளுங்கள். பாக்கு, சுண்ணாம்பு, போயிலை என்று வரிசையாகச் சொல்லுவார். எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையில் ஒரு பழக்கமே காணாமல் போகிறது. அப்புறம், போயிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதான் என்று நிம்மதியாகச் சொல்பவர்களும் உண்டு. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று லியோன் முகமை 2003-லேயே அறிவித்துவிட்டது. அதில் புகையிலை சேர வேண்டும் என்பதே இல்லை. வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் இத்தனை அதிகமாக இருக்கும்போது, இதை அந்தப் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மார்பகம் என்ற சொல்லும் இப்படித்தான். நோட்டீசில் அது இருக்கட்டும். ஆனால் குழந்தைக்குப் பால் கொடுத்த பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டால், அவர் முதலில் நினைப்பது பால் கட்டிக்கொண்டது என்று. "பால் கட்டியிருக்கும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் காட்டிவிடுங்கள்" என்ற ஒரு வரியைச் சேர்த்தால் அது அவர் மனதுக்குள் ஓடும் பேச்சுக்கே பதில்.

எண்களில் வரும் தவறுக்கு உதாரணம் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் இருக்கும் சமூக சுகாதார மையமும், அடையாறு நிறுவனமும், லியோன் முகமையும் சேர்ந்து 2000-ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பது. கெட்டுப்போகத் தொடங்கிய இடம் இருந்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்சுகளே செய்தார்கள். 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்த ஊர்களில், செய்யாத ஊர்களைவிட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், இந்த நோயால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தது.

இதை ஒரு மாணவர் நோட்டீசில் எப்படி எழுதினார் தெரியுமா? "பரிசோதனை செய்துகொண்டால் 35 சதவீதம் பேர் உயிர் பிழைக்கலாம்." படிப்பவர் என்ன நினைப்பார்? பரிசோதனைக்குப் போனால்கூட மீதி 65 பேர் சாவார்கள் என்று. ஆய்வு சொன்னது அது இல்லவே இல்லை. அது ஊரோடு ஊரை ஒப்பிட்ட கணக்கு. ஒரு எண்ணை எழுதினால் யாரோடு யாரை ஒப்பிட்டது, எத்தனை பேரில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இடம் இல்லையென்றால் எண்ணை எடுத்துவிடுங்கள்.

அதே ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட 31,343 பெண்களில் 3,088 பேருக்கு முடிவு "பாசிட்டிவ்". பத்தில் ஒருவர். அத்தனை பேருக்கும் புற்றுநோயா என்றால் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இருந்தது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம். பலருக்கு அதுவும் இல்லை. ஆனால் பாசிட்டிவ் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், ஒரு பெண் நோய் உறுதியாகிவிட்டது என்று இடிந்துபோவார். இன்னொருவர், பாசிட்டிவ் என்றால் நல்லதுதானே என்று சீட்டை மடித்து வைத்துவிடுவார். இரண்டையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். "இன்னொரு தடவை நன்றாகப் பார்க்க வேண்டும், வாருங்கள்" என்று எழுதுவதற்கு என்ன தடை?

இந்த ஆய்வில் என்னை எப்போதும் நிறுத்தி வைப்பது வேறொரு எண். பரிசோதனைக்குத் தகுதியான பெண்கள் 49,311 பேர். வந்தவர்களைக் கழித்தால் ஏறக்குறைய 18,000 பேர் வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று போய்க் கேட்பதுதான் தகவல் தொடர்பு படித்தவரின் வேலை. வேலை தொடங்கி முதல் வாரமே போஸ்டர் வடிவமைக்க உட்காருகிறவர்களிடம் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

நான் கற்றுக்கொண்டதும் இப்படித்தான். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் காலை ஏழு மணிக்குக் கூட்டம் ஏற்பாடு செய்தேன். வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒருவரும் வரவில்லை. அது மல்லிகை சீசன். மொட்டு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதால், இருட்டோடு தோட்டத்துக்குப் போன பெண்கள் வீடு திரும்பவே இல்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று அலுவலகத்தில் அறிக்கை எழுதப்பட்டது. அதில் என் கையெழுத்தும் இருந்தது. இன்றும் எனக்கு அது வருத்தம்தான். ஊர் நர்சம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு வைக்கச் சொல்லியிருப்பார்.

நோட்டீஸ் தயாரானதும் நாலு பேரிடம் காட்டி "புரிஞ்சுதா?" என்று கேட்பதைச் சோதித்துப் பார்த்ததாகக் கணக்கில் எழுதாதீர்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் வந்த பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று "நல்லாப் புரிஞ்சுது ஆத்தா" என்பார்கள். "வீட்டுக்குப் போயி உங்க மருமகக்கிட்ட இத எப்படிச் சொல்லுவீக?" என்று கேட்டுப் பேசாமல் உட்காருங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்த வேண்டும்.

செய்திக் குறிப்பு எழுதும்போது வரும் தவறு ஒன்று. லியோன் முகமை பொருட்களை ஒன்று, 2ஏ, 2பி, மூன்று என்று தொகுதிகளாகப் பிரிக்கிறது. இந்தப் பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தத் தொகுதி சொல்கிறது. எவ்வளவு ஆபத்து என்பது அதில் இல்லை. பஸ் மோதினாலும் அடிபடும், சைக்கிள் மோதினாலும் அடிபடும் என்பது இரண்டுமே நிச்சயம். அடியின் அளவு ஒன்றாகிவிடுமா? 2015-ல் பதப்படுத்திய இறைச்சி முதல் தொகுதிக்கு வந்தபோது, சிகரெட்டும் அதுவும் ஒன்று என்று பலர் எழுதினார்கள். ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறி 2பி தொகுதியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஊறுகாய் சாப்பிட்டால் புற்றுநோய்" என்று தலைப்பு வைக்கக் கை துடிக்கும். அங்கே ஆராய்ந்தது சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்து முறையை. நம் வீட்டு மாங்காய் ஊறுகாய் அதில் வரவில்லை. தலைப்பு வைக்கும் முன் மூல அறிக்கையைத் திறந்து படியுங்கள்.

நோயாளிகளின் போட்டோ, பெயர், ஊர் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். வார்டில் கேமராவை எடுத்ததும் சிரித்தார், அதனால் சம்மதம் என்று சொல்லாதீர்கள். டாக்டர் அருகில் நிற்கும்போது நோயாளியால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்குத் தனக்கு என்ன நோய் என்றே வீட்டில் சொல்லாமல் இருக்கலாம். நம் பக்கம் இது சாதாரணம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால், அம்மாவுக்குப் புற்றுநோய் என்று ஒரு வாட்ஸ்அப் படத்தில் தெரிந்ததும் சம்பந்தம் பேசியவர்கள் பின்வாங்குவார்கள். எங்கே போடப் போகிறோம், யார் பார்ப்பார்கள், நாளைக்கு வேண்டாம் என்றால் எப்படி எடுப்போம் என்பதைச் சொல்லி, ஒரு நாள் அவகாசம் கொடுத்து, எழுத்தில் வாங்குங்கள். ஆய்வுக்காகப் பேட்டி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வராமல் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது.

"புற்றுநோயை வென்றவர்" என்ற சொல்லையும் யோசித்துப் போடுங்கள். அப்படியானால் இறந்தவர் தோற்றவரா? அவர் வீட்டாரும் நம் நோட்டீசைப் படிக்கிறார்கள். சிகிச்சை முடித்து நலமாக இருப்பவர் என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது.

நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்கள் என்று ஊரில் தெரிந்துவிட்டால் போன் வரத் தொடங்கும். "தம்பி, பயாப்சி ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன், என்ன ஸ்டேஜுன்னு பாத்துச் சொல்லு." சொல்லாதீர்கள். உங்களுக்கே தெளிவாகத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். அதற்காக எனக்குத் தெரியாது என்று போனை வைத்துவிடவும் வேண்டாம். எந்தப் பிரிவில், எந்தக் கிழமை, என்னென்ன தாள்களோடு போக வேண்டும், டாக்டரிடம் என்ன மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.

முடிக்கும் மாதத்தில் பலர் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். நீங்கள் எழுதியவற்றில் எதை வெளியில் காட்டலாம் என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியாகாத வரைவுகள் அலுவலகத்துக்குச் சொந்தம். முதல் வரைவு, மக்களிடம் காட்டிய பிறகு மாறிய வரைவு, ஏன் மாறியது என்று ஒரு குறிப்பு, இந்த மூன்றும் ஒரே கோப்பில் இருந்தால் அடுத்த நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள். ஊர் ஊராகக் கேட்டு எழுதிய சொற்களின் பட்டியலை, ஆள் பெயர் எதுவும் இல்லாமல், அடுத்து வரும் மாணவருக்கு அந்த மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.