நீலமானதெல்லாம் பாதரசம் இல்லை

தங்கத்தை 13 நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கலவை நல்ல சிவப்பாக இருக்கும். துகள்கள் ஒட்டித் திரண்டால் அதுவே ஊதாவாகி, நீலமாகும். பாதரசத்தையோ ஈயத்தையோ பிடிக்கும் மூலக்கூறைத் துகளின் மேல் பூசிவிட்டால், அந்த உலோகம் துகள்களைப் பிணைத்து நிறத்தை மாற்றிவிடும். தண்ணீரில் நச்சு உலோகம் இருக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், கண்ணே போதும். கல்லூரி புராஜெக்ட்டுகளில் இதற்கு இவ்வளவு மவுசு இருப்பது அதனால்தான்.

ஆனால் நீல நிறம் சொல்வது துகள்கள் திரண்டன என்பதை மட்டுமே. திரட்டியது யார் என்று அது சொல்லாது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன. சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) பூசிய துகள்கள் எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்பவை. தண்ணீரில் உப்பு ஏறினால் அந்தத் தள்ளுவிசை தளர்ந்துவிடும். கால்சியமும் மெக்னீசியமும் இன்னும் வேகமாக வேலையைக் காட்டும். உப்பேறிய கடலோரக் கிணற்று நீரில் பாதரசம் துளியும் இல்லாமலேயே கலவை நீலமாகலாம். அதனால் முதலில் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்), கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். அதே அளவு உப்பும் கால்சியமும் கலந்த, உலோகம் சேர்க்காத நீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கிணற்று நீரிலேயே தெரிந்த அளவு பாதரசத்தைச் சேர்த்து, சோதனை அந்த அளவைச் சரியாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். காய்ச்சி வடித்த நீரில் மட்டும் செய்து பார்த்த சோதனையை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை.

அடுத்தது அலகு. மோலார் என்பது லிட்டரில் எத்தனை அணுக்கள் அல்லது மூலக்கூறுகள் என்ற கணக்கு, எடைக் கணக்கு அல்ல. '1 மைக்ரோமோலார் வரை கண்டுபிடிக்கும்' என்று எழுதினால் பிரமாதமாகத்தான் தெரிகிறது. பாதரசத்துக்கு அது லிட்டருக்குச் சுமார் 200 மைக்ரோகிராம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500:2012 அனுமதிப்பதோ 1 மைக்ரோகிராம்தான்! ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் வரம்பு 10 மைக்ரோகிராம். மோலாரில் கிடைத்த எண்ணை மைக்ரோகிராமுக்கு மாற்றி, வரம்போடு ஒப்பிட்ட பிறகு பெருமைப்படலாம்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் பிழையைப் பலர் கவனிப்பதே இல்லை. மேற்கு வங்கத்தின் ஆர்சனிக் பகுதிகளில் குழாய்க் கிணற்று நீரில் இரும்பும் நிறைய உண்டு. அடிக்கும்போது தெளிவாக வரும் நீர், காற்றுப் பட்டதும் பழுப்பாகக் கலங்கி, அடியில் துரு படியும். ஆர்சனிக்கில் ஒரு பகுதி அந்தத் துருவோடு இறங்கிவிடும். மறுநாள் மேலே உள்ள தெளிந்த நீரைச் சோதித்தால் கிணறு சுத்தம் என்று தப்பாக முடிவு வரும். மொத்த ஆர்சனிக்கை அளப்பதானால், எடுத்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்-ஐ (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அந்த அமில நீரை அப்படியே தங்கக் கலவையில் ஊற்றினால் அமிலமே துகள்களைத் திரட்டிவிடும். சோதிக்கும் முன் பிஎச்-ஐச் சரிசெய்தாக வேண்டும். பாதரச மாதிரிக்குச் சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது. சுவரில் ஒட்டியே அளவு குறைந்துவிடும், கண்ணாடிதான் நல்லது.

ஆர்சனிக்கில் கூடுதல் சிக்கல் பாஸ்பேட். நீரில் ஆர்சனிக் இருக்கும் ஒரு வகையான ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் கிட்டத்தட்ட ஒரே வடிவம், அதனால் பிடிக்கும் மூலக்கூறு ஏமாந்துபோகும்.

நீலமான மாதிரிகளை, உலோகங்களை மிக நுண்ணிய அளவிலும் இனம்பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்யுங்கள். சிவப்பாகவே நின்றவற்றிலும் சிலவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். இலைதழை மட்கிய ஏரி நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்கள் துகள்களைப் போர்த்திக்கொண்டு, உலோகம் இருந்தும் நிறம் மாறவிடாமல் தடுக்கக்கூடும்.