முருகைக்கல் பாரில் துப்புரவு மீனைப் பார்ப்பது எப்படி?

முதல் விஷயம், துப்புரவு மீனைத் தேடாதீர்கள். மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று துப்புரவாக்குகிற, கிளீனர் ராஸ் என்று சொல்கிற இந்த நீல மீன் விரல் நீளம்தான் வரும், எவ்வளவு வளர்ந்தாலும் 14 சென்ரிமீற்றரைத் தாண்டாது, முருகைக்கல் இடுக்கு இடுக்காக அதைத் தேடிக்கொண்டிருந்தால் கண்தான் நோகும். சும்மா நிற்கிற பெரிய மீனைத் தேடுங்கள். ஒரு கலவாய் வாயைப் பிளந்து, செவுளையும் விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறதா? ஒரா ஒன்று தலைகீழாகத் தொங்குகிறதா? அங்கேதான் அது கடை விரித்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறைப் பக்கமாகக் கரையோரம் பார் இருக்கிறது. வாடைக்காற்று அடிக்கிற கார்த்திகை, மார்கழியில் இறங்க வேண்டாம், தண்ணீர் கலங்கிக் கிடக்கும், அலையும் கல்லில் தூக்கி அடிக்கும். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்த ஒரு காலை நேரம் நல்லது. அப்போதும் கரையில் வலை சரிபார்க்கிற யாரிடமாவது “அண்ணை, இண்டைக்குக் கடல் எப்பிடி?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நான் இறங்குவேன். தனியாகப் போகவே கூடாது.

கண்ணாடி, ஸ்நோர்க்கல், கைநீள ரீசேட், காலுக்கு ரப்பர் சப்பாத்து, இவ்வளவு போதும். கண்ணாடிக்குள் துப்பி விரலால் தேய்த்து அலசிவிட்டுப் போடுங்கள், ஆவி படியாது. காசு கொடுத்து வாங்குகிற ஸ்பிரேயை விட எச்சில் திறம்.

காலையில் போகச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மீன்களின் தோலில் ஒட்டி இரத்தம் குடிக்கிற குட்டி ஒட்டுண்ணிகள் இரவில்தான் கூடுதலாக ஏறும், அதனால் விடிந்ததும் வாடிக்கையாளர் கூட்டம். அவுஸ்திரேலியாவில் ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா குரூட்டர் கணக்கெடுத்தபோது ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்குச் சராசரியாக 1,200 ஒட்டுண்ணிகள் தின்றது.

இடம் கிடைத்துவிட்டதா? இரண்டு பாகம் தள்ளி, காலை அடிக்காமல் மிதந்துகொண்டிருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் உங்களை மறந்துவிடும். வாயிலிருந்து வால்வரை போகப்போக அகலமாகிற கறுப்புக் கோடு, வாலைத் தூக்கித் தூக்கி ஒரு ஆட்டம், பிறகு நேரே கலவாயின் வாய்க்குள் போய்ச் செவுள் வழியாக வெளியே வரும். நான் முதல்முறை பார்த்தபோது மூச்சுவிட மறந்து உப்புத் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.

சரி, கோடும் நிறமும் சரியாக இருந்தாலும் அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள். அச்சு அசலாக அதே உடுப்பில் ஒரு போலி உண்டு, பிளென்னி இனம். வாயைப் பாருங்கள். அசலுக்கு வாய் மூக்கு நுனியில், போலிக்குச் சுறாவைப் போலக் கீழே. முதுகுச் செட்டையும் போலிக்குத் தலைக்குப் பின்னாலேயே தொடங்கிவிடும். அது மற்ற மீனின் செட்டையைக் கடித்துவிட்டு ஓடுகிற கள்ளன், பெரும்பாலும் குழாய்ப் புழுவும் மீன் முட்டையும் தின்று சீவிக்கிறது.

அசலும் பெரிய யோக்கியன் இல்லை. அதற்கு ஒட்டுண்ணியை விட மீனின் உடம்பிலுள்ள வழுவழுப்பில்தான் ஆசை. நிற்கிற மீன் திடீரென்று ஒரு வெட்டு வெட்டித் திமிறினால், கடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது சோடியாக நிற்கிற துப்புரவு மீன்களில் பெரியது சின்னதைத் துரத்துகிறதா என்று கவனியுங்கள். பெண் கடித்து வாடிக்கை போய்விட்டால் ஆண் துரத்திப் பிடித்துத் தண்டிக்கும். ஆனால் ஒவ்வொரு ஆணும் ஒரு காலத்தில் பெண்ணாகத்தான் இருந்திருக்கலாம்: ஆண் செத்தால் அதன் கூட்டத்தில் பெரிய பெண், சில மணி நேரத்துக்குள் ஆண் போல நடக்கத் தொடங்கி, இரண்டு மூன்று கிழமையில் ஆணாகவே மாறிவிடும். 1972இல் ஆய்வாளர் ரொஸ் றொபேட்சன் இதை வெளியிட்டார்.

வீட்டுத் தொட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள். கடைக்காரர் “எதையும் தின்னும்” என்றார், நானும் நம்பினேன், பத்தாம் நாள் மெலிந்து செத்துப்போனது. தொட்டியில் அதற்கு ஒட்டுண்ணி எங்கே?

திரும்பி வரும்போது கரையில் ஒரு பனையையும் ஒரு கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். துப்புரவு மீன்கள் தங்கள் கல்லை விட்டு லேசில் போகாது, அடுத்த கிழமையும் அங்கேதான் நிற்கும்.