வீட்டுப் பட்டறையில் செய்யும் பேண்ட் சா: பிளேடு வழிகாட்டி ரோலர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்தடியைப் பலகையாக அறுக்கும் கிடைமட்டப் பேண்ட் சாவைச் சொந்தமாகச் செய்ய முனைகிறவர்கள் சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் பெரிய சக்கரங்களுக்கும் மிகுந்த கவனம் செலுத்துகிறார்கள். பிளேடைத் தாங்கும் இரண்டு சிறிய ரோலர்களையோ கடைசி நாள் வேலையாக, கையில் கிடைத்த பேரிங்கையும் போல்ட்டையும் வைத்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் பலகையின் தடிமனை உண்மையில் தீர்மானிப்பவை இந்த இரண்டு ரோலர்கள்தாம். சுமார் 32 மி.மீ. அகலமும் 1 மி.மீ. அளவே தடிமனும் கொண்ட எஃகுப் பட்டை தானாக நேராக நிற்காது. மரத்துக்குள் நுழையும் இடத்திலும் வெளிவரும் இடத்திலும் அதை ஒரே தளத்தில் பிடித்து நிறுத்தினால்தான் அது நேராக அறுக்கும். அந்தப் பிடியில் நேரும் சிறு கோணப்பிழைகூடப் பலகையில் பெரிதாகத் தெரியும் என்பதால், ரோலரைச் செய்யும் முறையையும் பொருத்தும் முறையையும் தொடக்கத்திலேயே திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

பேரிங்கையே ரோலராக ஓடவிடுவது

மிகப் பரவலான தவறு இதுதான். ஒரு போல்ட்டில் பேரிங்கை மாட்டி, அதன் வெளிவளையத்தின் மீது நேரடியாகப் பிளேடை ஓடவிட்டால் வேலை எளிதாக முடிந்ததாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. 480 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1000 முறை சுழன்றால், பிளேடு நொடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள 6203 பேரிங் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,900 முறை சுழல வேண்டியிருக்கும். இரு பக்கமும் ரப்பர் மூடி கொண்ட 6203 பேரிங்குக்கு உற்பத்தியாளர்கள் குறிப்பிடும் வேக வரம்பே சுமார் 12,000தான். 35 மி.மீ. விட்டமுள்ள 6202ஐப் போட்டால் வேகம் 13,600ஐ எட்டி, அதன் வரம்பைத் தாண்டிவிடும். ஸ்கேட்டிங் சக்கரங்களில் வரும் 22 மி.மீ. பேரிங்கையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது நிமிடத்துக்கு 21,000க்கு மேல் சுழல வேண்டும். எந்த அளவு பேரிங்கை எடுத்தாலும், அதன் வெளிவளையமே ஓடுதளமாக இருக்கும்வரை அது வரம்பின் விளிம்பில்தான் ஓடும். கிரீஸ் சூடேறி இளகி வெளியேறும், மூடி கருகும், பிறகு மரத்தூள் உள்ளே புகும்.

வேகம் மட்டுமே குறையல்ல. 6203 பேரிங்கின் அகலம் 12 மி.மீ.தான். 32 மி.மீ. அகலப் பிளேடை அவ்வளவு குறுகிய பட்டையில் தாங்கினால், பிளேடு முன்னும் பின்னும் சாய்வதைத் தடுக்க எதுவும் இராது. மேலும் பேரிங்கின் வெளிவளையம் ஒரு கூட்டுக்குள் இறுக்கமாக அமர்ந்து வேலை செய்வதற்காக உருவாக்கப்பட்டது; வெளித்தாங்கல் இல்லாமல் தனியாகச் சுமையை ஏற்கும்போது அந்த வளையம் நெகிழ்ந்து கொடுக்கிறது.

ஆகவே எஃகில் தனியாக ஒரு ரோலர் கடைந்து, அதன் உள்ளே இரண்டு பேரிங்குகளைப் பொருத்துவதே சரியான வழி. ரோலரின் விட்டம் 60 மி.மீ. என்றால் அதே பிளேடு வேகத்தில் சுழற்சி நிமிடத்துக்கு 8,000க்குள் அடங்கிவிடும், 65 மி.மீ. என்றால் இன்னும் குறையும். உள்ளே 6203 வைத்தாலும் ரோலர் சுவருக்கு 10 மி.மீ. தடிமன் மிஞ்சும். சாதாரண மைல்டு ஸ்டீல் விரைவில் தேய்ந்து, ஓடுதளத்தில் பள்ளம் விழும் என்பதால், இஎன்8 போன்ற நடுத்தரக் கார்பன் எஃகில் கடைந்து கடினப்படுத்திக்கொள்வது நல்லது. அலுமினியமும் நைலானும் இந்த வேலைக்கு ஏற்றவை அல்ல.

கடைசலில் விடும் பிழைகள்

லேத்தில் ஓடுதளத்தை ஒரு பிடியிலும், பேரிங் அமரும் துளையைத் திருப்பிப் பிடித்து இன்னொரு பிடியிலும் கடைந்தால், இரண்டின் மையமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மையம் 0.1 மி.மீ. விலகினாலும், நிமிடத்துக்கு 8,000 முறை அந்த ரோலர் பிளேடைத் தட்டிக்கொண்டே இருக்கும். முடிந்தவரை துளை, ஓடுதளம், பின்பக்கக் காலரின் (பிளேடின் முதுகைத் தடுக்க ரோலரின் பின் விளிம்பில் உயர்ந்திருக்கும் வளையத்தின்) முகம் ஆகிய மூன்றையும் ஒரே பிடியில் கடைந்து முடிக்கும்படி பட்டறையில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பொருத்திய பின், நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்காமல் ரோலரை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ரோலரில் சுழல்வது பேரிங்கின் வெளிவளையம். உள்வளையம் அசையாத ஷாஃப்டில் நிற்கிறது. மோட்டாரிலும் பம்பிலும் வழக்கமாக இருப்பதற்கு இது நேர்மாறானது. எனவே இங்கே இறுக்கம் தேவைப்படுவது ரோலர் துளைக்கும் வெளிவளையத்துக்கும் இடையில்தான். ஷாஃப்டின் மீது உள்வளையம் கையால் தள்ளினால் ஏறும் அளவு போதும். பழக்கத்தால் இதை மாற்றிச் செய்தால், வெளிவளையம் துளைக்குள் மெல்ல வழுக்கிச் சுற்றி, சில மாதங்களில் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கிவிடும். துளையில் இருக்கும் இறுக்கம் பேரிங்கின் உள்ளிடைவெளியைக் குறைப்பதால், சற்றுக் கூடுதல் இடைவெளி கொண்ட சி3 வகையைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பானது. அழுத்தி ஏற்றும்போது வெளிவளையத்தின் மீது மட்டும் விசை விழ வேண்டும். உள்வளையத்தைத் தட்டி ஏற்றினால் குண்டுகள் தம் தடத்தில் பள்ளம் பதித்துவிடும், அந்த பேரிங் முதல் நாளிலிருந்தே இரைச்சலிடும். இரண்டு பேரிங்குகளின் உள்வளையங்களுக்கும் நடுவே வைக்கும் புஷ் (குட்டைக் குழாய்), வெளிவளையங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அது குட்டையாக இருந்தால், நட்டை முறுக்க முறுக்கக் குண்டுகள் பக்கவாட்டில் நெரிபடும்.

மூடியைப் பொறுத்தவரை தகர மூடி கொண்ட இசட்இசட் வகை போதாது. நீரும் நுண்ணிய மரத்தூளும் இடைவிடாமல் தெறிக்கும் இடம் இது. ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகையே வேண்டும்.

பல்லின் மீது ஏறும் ரோலர், முதுகை உரசும் காலர்

ரோலர் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது என்று எண்ணி, பிளேடின் முழு அகலத்துக்கும் ஓடுதளத்தை நீட்டுகிறவர்கள் உண்டு. பற்கள் இடமும் வலமுமாக விலக்கி வைக்கப்பட்டவை. கிடைமட்டமாக ஓடும் பிளேடில் அந்த விலக்கம் மேலும் கீழுமாக அமைகிறது. ரோலர் பற்களின் மீது ஏறினால் மேல்நோக்கிய பற்களின் விலக்கம் நசுங்கிவிடும். கீழ்நோக்கிய பற்கள் மட்டும் அப்படியே இருக்கும். பிறகு பிளேடு ஒரே பக்கமாக இழுத்துச் செல்வதில் வியப்பில்லை. 32 மி.மீ. பிளேடில் பல்லின் உயரம் சுமார் 6 மி.மீ. என்றால், முதுகிலிருந்து பல்லிடைக் குழியின் அடிவரை 26 மி.மீ. இருக்கும். சாணை பிடிக்கப் பிடிக்கப் பிளேடு குறுகி 28 மி.மீ. ஆகும் நாளில் அது 22 மி.மீ. ஆகிவிடும். காலருக்கும் முதுகுக்கும் இடையே விடும் 2 மி.மீ. இடைவெளியையும் சேர்த்துப் பார்த்தால், ஓடுதளம் 22 மி.மீ. அகலத்தில் இருப்பது பழைய பிளேடுக்கும் புதிய பிளேடுக்கும் பொருந்தும்.

அந்த 2 மி.மீ. இடைவெளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரம் இல்லாமல் வெறுமனே ஓடும்போது பிளேடின் முதுகு காலரைத் தொடவே கூடாது. அறுக்கும்போது மரத்தின் எதிர்விசையால் பின்னுக்குத் தள்ளப்பட்டு அவ்வப்போது தொடுவதற்காகத்தான் காலர் இருக்கிறது. எப்போதும் உரசிக்கொண்டிருந்தால் முதுகு சூடேறிக் கடினமாகி, அங்கிருந்து நுண்விரிசல்கள் தொடங்கும். பிளேடு அடிக்கடி முதுகுப் பக்கத்திலிருந்து பிளக்கிறது என்றால், பிளேடு விற்றவரைக் குறை சொல்வதற்கு முன் காலரைப் பார்க்க வேண்டும். காலரின் உயரத்தையும் தேவைக்கு மேல் கூட்டக் கூடாது. ஓடுதளத்தைவிட 5 அல்லது 6 மி.மீ. உயர்ந்திருந்தால் போதும், காலர் பெரிதாகப் பெரிதாக, முதுகோடு உரசும் நீளமும் உரசும் வேகமும் சேர்ந்தே கூடும்.

அழுத்தம் இல்லாமல் நிறுத்துவது

பிளேடு இயல்பாக ஓடும் கோட்டில் ரோலரை லேசாகத் தொட்டபடி நிறுத்திவிட்டு, கீழே இன்னொரு ரோலரை வைத்து இரண்டுக்கும் நடுவே பிளேடை நெரிப்பது பார்வைக்கு உறுதியாகத் தெரியலாம். உண்மையில் அங்கே தூள் சிக்கி உருண்டு, பிளேடின் மீது அமுங்கிப் படிந்து, இரு ரோலர்களையும் மாறி மாறித் தட்ட வைக்கும். இடம் பெயர்த்துக் கொண்டுபோகும் மர அறுவை ஆலைகளில் பெரும்பாலும் பின்பற்றப்படும் முறையோ எளிமையானது: பிளேடுக்கு மேலே, வளையத்தின் உட்புறத்தில் ரோலரை வைத்து, பிளேடு தன் இயல்பான கோட்டிலிருந்து சுமார் 6 மி.மீ. கீழே இறங்கும்வரை அழுத்திவிடுகிறார்கள். இழுவிசை கொண்ட பட்டை அந்த அழுத்தத்தினால் ரோலரோடு ஒட்டியே ஓடும். கீழ் ரோலருக்குத் தேவை எழாது.

இதில் வரிசை முக்கியம். முதலில் ரோலர்கள் பிளேடைத் தொடாத நிலையில், பெரிய சக்கரங்களில் பிளேடின் ஓட்டத்தையும் இழுவிசையையும் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகே ரோலர்களை இறக்க வேண்டும். இறக்கியதும் இழுவிசை மாறியிருக்கும் என்பதால் அதை மறுபடி பார்க்க வேண்டும். சக்கரங்களின் சாய்வுப் பிழையை ரோலரால் வளைத்துச் சரிசெய்ய முயல்வது இரண்டையும் கெடுக்கும். இரு ரோலர்களின் இறக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

கோணத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது

ரோலரின் ஓடுதளம், தடி கிடக்கும் படுகைக்கு இணையாக இருக்க வேண்டும். 32 மி.மீ. அகலத்துக்குள் அதை அளப்பது கடினம். அதனால் 400 மி.மீ. நீளமுள்ள நேரான இரும்புப் பட்டை ஒன்றைப் பிளேடின் தட்டையான பகுதியில், பற்களின் விலக்கம் படாதவாறு, பிளேடுக்குக் குறுக்காகக் கவ்விவைத்து, அதன் இரு முனைகளிலிருந்தும் படுகைக்கு உள்ள உயரத்தை அளக்க வேண்டும். முனைகளுக்கு இடையே 1 மி.மீ. வேறுபாடு என்றால், பிளேடின் அகலத்துக்குள் அது வெறும் 0.08 மி.மீ.தான், கண்ணுக்கு எட்டாது. ஆனால் அதே சாய்வில் பிளேடு ஒரு மீட்டர் தூரம் மரத்துக்குள் செல்வதற்குள் 2.5 மி.மீ. ஏறவோ இறங்கவோ முயலும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்திருந்தால், கோணத்தைச் சரிசெய்யும் வசதி இல்லாமல் ரோலரைச் சட்டத்தோடு பற்றவைக்க யாருக்கும் மனம் வராது. மேலிருந்து பார்க்கும்போது ரோலரின் அச்சு பிளேடின் ஓட்டத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது திரும்பியிருந்தால், ரோலர் பிளேடை முன்னோக்கியோ காலரை நோக்கியோ இழுத்துக்கொண்டே இருக்கும்.

நீள்துளையும் வாஷரும் மட்டும் கொண்ட அமைப்பு அதிர்வில் நழுவிவிடும். எதிரெதிராகத் தள்ளும் போல்ட்டுகளும் அவற்றைப் பூட்டும் நட்டுகளும் வேண்டும். பற்றவைப்பு குளிரும்போது இரும்பை இழுக்கும் என்பதால், எல்லாப் பற்றவைப்பும் முடிந்த பிறகே அளவு சரிபார்க்க வேண்டும். பேரிங் பொருத்திய நிலையில் பற்றவைக்க நேர்ந்தால், மின்னோட்டம் பேரிங் வழியே பாயாதபடி எர்த் கவ்வியைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். இல்லையெனில் குண்டுகளில் பொட்டுப் பொட்டாகத் தீக்காயம் விழும்.

நகரும் கையின் தளர்ச்சி

ஒரு ரோலர் நிலையாக நிற்க, மற்றது தன்னைத் தாங்கும் இரும்புக் கையோடு சேர்ந்து தடியின் அகலத்துக்கு ஏற்ப நகர வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள நீளம் கூடக்கூடப் பிளேடின் விறைப்பு விரைந்து குறையும் என்பதால், தடியின் அகன்ற பகுதியிலிருந்து சுமார் 25 மி.மீ. தொலைவுக்குள் நகரும் ரோலர் நிற்க வேண்டும். ஒரு சதுரக் குழாயை மற்றொன்றுக்குள் நுழைத்துச் செய்யும் கையில் 0.5 மி.மீ. இடைவெளி இருந்து, உள்ளே பொதிந்த நீளம் 200 மி.மீ. மட்டுமே என்றால், 400 மி.மீ. வெளியே நீட்டும்போது முனை 1 மி.மீ. தொங்கும். பொதியும் நீளத்தைக் கூட்டி, நைலான் துண்டுகளையும் திருகுகளையும் கொண்டு இடைவெளியை நீக்க வேண்டும். கையை உள்ளே இழுத்த நிலையில் மட்டும் அளந்துவிட்டு நிறைவடைவது பலரும் செய்யும் பிழை. முழுதாக நீட்டிய நிலையிலும், நடுவிலும் அதே உயரம் கிடைக்க வேண்டும்.

ஓட்டத் தொடங்கிய பின்

பிசின் மிகுந்த மரங்களை அறுக்கும்போது ரோலரின் மீது தூளும் பிசினும் சேர்ந்து மேடாகப் படியும். அது மையம் விலகிய ரோலரைப் போலவே தட்டும். சிறிது சோப்புக் கரைசல் கலந்த நீர் சொட்டுச் சொட்டாகப் பிளேடின் மீது விழுந்தால் போதும்; ரோலரை நனைத்துக் குளிப்பாட்டும் அளவுக்கு விடுவது பேரிங்குக்குக் கேடு. எந்தச் சரிபார்ப்பையும் எஞ்சினை நிறுத்தி, அது தவறியும் இயங்காதபடி இணைப்பைத் துண்டித்த பிறகே, தோல் கையுறையோடு செய்ய வேண்டும். அறுக்கும் பகுதியைத் தவிர ரோலர்களையும் பிளேடின் மற்றப் பகுதியையும் தகரக் காப்பு மூடியிருக்க வேண்டும். அறுந்த பிளேடு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல இயலாது.

பலகை அலை அலையாக வந்தால் உடனே ரோலரைத் திருகத் தொடங்குவதும் தவறே. மழுங்கிய பற்கள், போதாத இழுவிசை, சீரற்ற பல்விலக்கம் ஆகியவையும் அதே அலையை உண்டாக்கும். புதிய பிளேடை மாட்டி, இழுவிசையைச் சரிபார்த்து, அதே தடியில் இன்னொரு பலகை அறுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பிளேடு ஒரே திசையில் ஏறினாலோ இறங்கினாலோ, 400 மி.மீ. பட்டையை எடுத்துக் கவ்வி, முதலில் நிலையான ரோலரையும் அடுத்து நகரும் ரோலரையும் அளக்கலாம்.