பனிச்செதிலைப் படம் பிடிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பனி கொட்டுகிறது என்றதும் கேமராவோடு வெளியே ஓடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். எல்லாப் பனியிலும் ஆறு கிளை நட்சத்திரம் கிடைக்காது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் உக்கிச்சிரோ நகாயா 1936இல் முயல் மயிர் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரப்பதத்தில் எந்த வடிவம் வரும் என்பதையும் அவரே வரைபடமாக்கினார். மேகத்துக்குள் மைனஸ் 2 டிகிரி வாக்கில் சின்னத் தட்டுகள் உருவாகும். மைனஸ் 5 அருகே ஊசிகளும் தூண்களும். மைனஸ் 15ஐ ஒட்டி, ஈரமும் தாராளமாக இருந்தால்தான் கிளைவிட்ட நட்சத்திரங்கள். தரையில் பூஜ்ஜியத்தை ஒட்டிய நாளில் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாக விழும். அன்று வீட்டிலேயே இருக்கலாம். காற்றில்லாமல், மைனஸ் 10 டிகிரியோ அதற்கும் கீழோ இருக்கும் நாளாகப் பாருங்கள்.

அதிகப் படங்களைக் கெடுப்பது சூடுதான். செதில் விழப்போகும் கறுப்புக் கம்பளித் துணி, கண்ணாடித் தகடு, தூரிகை எல்லாவற்றையும் குறைந்தது அரை மணி நேரம் முன்பே வெளியே, பனி படாத இடத்தில் வைத்துவிடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து நேரே எடுத்து வந்த கண்ணாடியில் விழுந்த செதில் அந்த நொடியே சொட்டுத் தண்ணீர். குனிந்து பார்க்கும்போது மூச்சைப் பக்கவாட்டில் விடுங்கள். விரலால் தொடவே வேண்டாம். மெல்லிய தூரிகை நுனியால் தூக்கி வையுங்கள். நல்ல குளிரிலும் நேரம் கொஞ்சம்தான். பனி உருகாமலே ஆவியாகும், கூரான முனைகள் முதலில் கரையும். சில நிமிடங்களில் கிளை நுனிகள் மழுங்கிவிடும்.

முன்னாலிருந்து ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பனிச்செதில் உண்மையில் வெள்ளையல்ல, நிறமில்லாத பனிக்கட்டி. குவியலாகக் கிடக்கும்போது எண்ணற்ற முகங்களில் ஒளி சிதறுவதால்தான் வெளுப்பாகத் தெரிகிறது. நேர் ஒளியில் மேற்பரப்பின் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். பக்கவாட்டிலோ கீழிருந்து சாய்வாகவோ ஒளி வரட்டும். 1885இல் தொடங்கி 5,000க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் படமெடுத்த அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில விவசாயி வில்சன் பென்ட்லியின் படங்களில் தெரியும் கன்னங்கரிய பின்னணியும் இயல்பானதல்ல. நெகட்டிவில் படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்த வேலை அது.

நட்சத்திரச் செதில் பெரும்பாலும் 2 முதல் 4 மி.மீ. அளவுதான். சின்னப் பொருளை நெருங்கிப் படமெடுக்கும் சாதாரண மேக்ரோ லென்ஸ் போதாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூப் போடுங்கள், அல்லது லென்ஸைத் திருப்பி மாட்டுங்கள். அப்போது துல்லியமாகப் பதியும் ஆழம் ஒரு மி.மீ.யில் சிறு பங்குதான். ஆகவே செதில் படுக்கையாக இருக்க வேண்டும், ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்க வேண்டும்.

கோணலான செதிலை ஒதுக்காதீர்கள். வானத்திலிருந்து வருவதில் பெரும்பகுதி கோணல்தான். ஒரு கிளையை நகலெடுத்து மென்பொருளில் ஆறாக்குவது மோசடி. பன்னிரண்டு கிளை கண்டால் திகைக்க வேண்டாம், இரண்டு படிகங்கள் ஒட்டி வளர்ந்தது. எட்டு கிளை மட்டும் வாழ்த்து அட்டையில்தான். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகவே அடுக்கிக்கொள்கின்றன, எட்டுக்கு அங்கே இடமில்லை.

செதிலையே பத்திரப்படுத்த நினைத்தால் சூப்பர் குளூ உதவும். ஜெல் வகை வேண்டாம், நீர்த்த வகையே பரவும். பசை, கண்ணாடித் தகடு, அதன் மேல் வைக்கும் மெல்லிய மூடுகண்ணாடி மூன்றும் குளிர்ந்திருக்க வேண்டும். செதிலின் மேல் ஒரு சொட்டு விட்டு, மூடுகண்ணாடியை விரல் சூடு படாமல் குச்சியால் இறக்கி, ஃப்ரீசரின் உட்பக்கத்தில் இரண்டு வாரம் விடுங்கள். பசை இறுகுமுன் வெளியே எடுத்தால் உள்ளே மிஞ்சுவது குமிழிதான்.