தவளை முட்டையின் கைனேஸ் பாதையை வரைவது எப்படி

வெள்ளவத்தையில் என்னிடம் உயிர் இரசாயனம் படிக்க வரும் பிள்ளைகள் பலர், தவளை முட்டை முதிரும்போது கைனேஸ்கள், அதாவது மற்றப் புரதங்களில் பொஸ்பேற்றை ஒட்டும் நொதியங்கள், ஒன்றையொன்று தூண்டும் இந்தப் பாதையைக் கரையோர ரயில் பாதை மாதிரி ஒரே கோடாக இழுத்துவிடுகிறார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் முட்டை ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது அதில் விளங்காது.

தாளைக் கிடையாக வையுங்கள். இடது ஓரத்தில் செனோபஸ் லேவிஸ் தவளையின் வளர்ந்த முட்டைக் கலம்: சுமார் 1.2 மில்லிமீற்றர், ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெளிர். அது ஒடுக்கற்பிரிவின் முதல் முன்னவத்தையில் நிற்கிறது. நிறுத்தி வைத்திருப்பது புரதக் கைனேஸ் ஏ. அதைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் பட்டதும், அந்தக் கைனேஸை இயக்கும் சிறு மூலக்கூறான சைக்கிளிக் ஏஎம்பி குறைந்து அந்தத் தடை தளரும்.

அடுத்தது மொஸ் என்ற கைனேஸ். இது முட்டையில் தயாராக இருப்பதில்லை, சேமித்து வைத்த தூது ஆர்என்ஏயிலிருந்து புதிதாக உருவாக வேண்டும். புரதத் தொகுப்பைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைட் கொடுத்தால் முட்டை முதிராததற்கு இதுவும் ஒரு காரணம். மொஸ், மெக், மப் கைனேஸ், ஆர்எஸ்கே என்று அம்புகளை வரிசையாகப் போடுங்கள். சிடிகே1 என்ற கைனேஸில் பொஸ்பேற்றை ஒட்டி அதை அடக்கி வைப்பது மிட்1; அந்த மிட்1ஐ ஆர்எஸ்கே அடக்கும். மறுபக்கம் சிடிசி25 என்ற நொதியம் சிடிகே1ஐ அடக்கும் அந்தப் பொஸ்பேற்றைக் கழற்றும். சிடிகே1உம் சைக்கிளின் பியும் சேர்ந்ததுதான் எம்பிஎஃப், அதாவது முதிர்வைத் தூண்டும் காரணி. 1971இல் மசூயி, மார்க்கெர்ட் என்ற ஆய்வாளர்கள் முதிர்ந்த முட்டையின் குழியவுருவை முதிராத முட்டைக்குள் செலுத்திக் கண்டது இதன் செயலைத்தான்.

சரி, இனித்தான் முக்கிய வேலை. சிடிகே1இலிருந்து சிடிசி25க்கு ஒரு அம்பைத் திருப்புங்கள், மப் கைனேஸிலிருந்து மொஸ்ஸுக்கு இன்னொன்று. இந்த வளையங்களால்தான் முட்டை அரைகுறையாக முதிராது: ஒன்றில் முழுவதும், இல்லையேல் ஒன்றுமே இல்லை.

பரீட்சையில் பிளொட் படம் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் படம்) தந்தால் முதலில் கேளுங்கள்: தனி முட்டையா, பல முட்டைகளின் கலவையா? நடுத்தர அளவு புரொஜெஸ்தரோனில் கலவை பாதி மப் கைனேஸ் செயற்பாட்டைக் காட்டும். முட்டைகளைத் தனித்தனியே பார்த்தால் சில முழுதாக இயங்கியிருக்கும், சில அசைந்தே இருக்காது. பெரெல் என்ற ஆய்வாளர் 1998இல் இதைக் காட்டினார். ஆய்வுகூடத்தில் முட்டைகளை 18 பாகை செல்சியஸ் அளவில் வைப்பார்கள். நம் ஊர் வெக்கை அதற்குச் சரிவராது. முதிர்ந்ததன் அடையாளம் கறுப்பு முனையில் தோன்றும் வெள்ளைப் புள்ளி. சந்தேகமென்றால் முக்குளோரோ அசற்றிக் அமிலத்தில் இறுக்கி, வெட்டிக் கரு மறைந்துவிட்டதா என்று பார்ப்பார்கள்.

அப்புறம் தாளின் வலது ஓரத்தில் இரண்டாம் அனுவவத்தை என்று எழுதி, முட்டை அதைத் தாண்டுவதை மொஸ் தடுக்கிறது என்று காட்ட மொஸ்ஸிலிருந்து அங்கே ஒரு தடைக்கோடு போடுங்கள். கருக்கட்டும் வரை முட்டை அங்கேதான் நிற்கும்.