ஒன்ராறியோவில் முதல் லைசன்ஸ்: புதிதாக வந்தவர்களுக்கு

டொரொன்டோப் பக்கம், ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வந்து இறங்கிய முதல் மாதங்களைக் கார் இல்லாமலும் ஓட்டிவிடலாம். பஸ் இருக்கிறது, கூட்டிப் போக உறவினர் இருக்கிறார்கள். பின்னிரவில் முடியும் வேலை கிடைத்த பிறகோ, குளிரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டி வந்த பிறகோதான் லைசன்ஸ் நினைவு வருகிறது. அப்போது தொடங்கினால் எல்லாமே பிந்திவிடும். இந்த மாகாணத்தில் லைசன்ஸ் படிப்படியாகத்தான் கைக்கு வரும்: முதலில் ஜி1, பிறகு ஜி2, கடைசியில் முழு லைசன்ஸான ஜி. ஒவ்வொரு படிக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் வந்த கிழமையே தொடங்குங்கள்.

ஊரில் கார் ஓட்டியவர்களுக்கு அதற்கும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. பிரித்தானியா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் லைசன்ஸை, போதிய அனுபவம் இருந்தால், தேர்வு இல்லாமலே இங்கே மாற்றிக்கொள்ளலாம். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அந்த ஒப்பந்தம் இல்லை. அதற்காக உங்கள் அனுபவம் வீண் என்று ஆகிவிடாது. எந்த ஆண்டு முதல் லைசன்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்பதை உறுதிப்படுத்தும் அத்தாட்சிக் கடிதம் கையில் இருந்தால் காத்திருப்புக் காலத்தைத் தாண்டிவிடலாம். இரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவம் என்றால், எழுத்துத் தேர்வில் தேறியதும் நேரே கடைசிப் படியான ஜி வீதித் தேர்வுக்குப் போகலாம். ஓராண்டுக்கு மேல், இரண்டாண்டுக்குள் என்றால் ஜி2 தேர்வுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கடிதம் லைசன்ஸ் வழங்கிய திணைக்களத்திலிருந்தோ தூதரகத்திலிருந்தோ வர வேண்டும்; மூலப் பிரதியாகவும் இருக்க வேண்டும். யாருடைய கடிதம் ஏற்கப்படும் என்பது நாட்டுக்கு நாடு மாறலாம் என்பதால், லைசன்ஸ் தேர்வுகளை நடத்தும் டிரைவ் டெஸ்ட் நிலையத்தின் இணையதளத்தில் உங்கள் நாட்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இங்கே வந்துவிட்டு, ஊரில் இருக்கும் தம்பியை வரிசையில் நிற்கச் சொல்லி அந்தக் கடிதத்தை எடுப்பது பெரும் அலைச்சல். விமானம் ஏறுவதற்கு முன் எடுத்து, பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள்.

செல்லுபடியாகும் ஊர் லைசன்ஸோடு, இங்கே குடியேறிய நாளிலிருந்து 60 நாட்கள் ஓட்டலாம். சட்டம் இடம் தருகிறதே என்று உடனே சாவியை வாங்கிவிடாதீர்கள். நாம் இடப்பக்கம் ஓடிப் பழகியவர்கள், இங்கே வலப்பக்கம். நேரான வீதியில் அது தெரியாது. ஆளில்லாத நேரத்தில் ஒரு பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும்போதும், சந்தியில் இடப்பக்கம் திரும்பி முடிக்கும்போதும்தான் கை தன்னையறியாமல் பழைய பக்கத்துக்கு இழுக்கும். எத்தனை ஆண்டு ஓட்டியவராக இருந்தாலும், ஒரு பயிற்றுநரோடு சில மணி நேரம் ஓடிப் பாருங்கள்.

முதல் படி ஜி1. வயது 16 நிரம்பியிருக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, கையொப்பம் மூன்றையும் காட்டும் மூல அடையாள ஆவணங்களோடு டிரைவ் டெஸ்ட் நிலையத்துக்குப் போனால், கண் பரிசோதனை செய்து எழுத்துத் தேர்வுக்கு விடுவார்கள். 40 கேள்விகள்: வீதி விதிகள் 20, வீதிக் குறியீடுகள் 20. ஒவ்வொரு பகுதியிலும் 16 சரியாக இருக்க வேண்டும். ஒன்றில் முழுப் புள்ளி எடுத்தாலும் மற்றதில் 15 என்றால் தேற முடியாது. இந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் அம்மாமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஒரு செய்தியைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் வீதியில் நிற்கும் பலகைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்; பின்னால் வரும் வீதித் தேர்வும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் நடக்கும். திரும்பு, நிறுத்து, பாதை மாறு என்பதற்கான ஆங்கிலச் சொற்களைப் பயிற்சியின்போதே காதுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

ஜி1 கையில் இருந்தால் தனியாக ஓட்ட முடியாது. குறைந்தது 4 ஆண்டு அனுபவமுள்ள, முழு லைசன்ஸ் வைத்திருக்கும் ஒருவர் முன் இருக்கையில் இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது. 401 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகள், கியூஈடபிள்யூ, டொன் வலி பார்க்வே, கார்டினர் போன்ற விரைவு வீதிகள் எல்லாம் பயிற்றுநர் அருகில் இல்லாமல் கூடாது. இரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது. யாருடைய காரில் பழகுகிறீர்களோ அவர் தன் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உங்களைப் பற்றி அறிவித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, சிறு இடிபாடு ஒன்றில் குடும்பங்களுக்குள் கோபதாபம் வரை போவதுண்டு.

ஜி1 எடுத்து 12 மாதம் கழித்தே ஜி2 தேர்வு. மாகாண அரசு அங்கீகரித்த பள்ளியில் முழுப் பயிற்சி முடித்தால் அது 8 மாதமாகக் குறையும். அந்தப் பயிற்சியில் காருக்குள் மட்டும் குறைந்தது 10 மணி நேரம் உண்டு. பல நிறுவனங்கள் அந்தச் சான்றிதழுக்கு இன்சூரன்ஸில் கழிவும் தருகின்றன. காசைக் கட்டுமுன் பள்ளியின் பெயர் அரசின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘வகுப்புக்கு வரத் தேவையில்லை, சான்றிதழ் மட்டும் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கணவரிடமோ அண்ணனிடமோ பழகலாம்தான். ஆனால் அடிப்படையைப் பயிற்றுநரிடம் படித்துவிட்டு, வீட்டாரோடு ஓடி ஓடிப் பழக்கத்தை உறுதிப்படுத்துவதே நல்லது. வீட்டுக்காரர் சத்தம் போட்டதில் பயந்து, பிறகு ஸ்டியரிங்கையே தொடாமல் விட்ட பெண்கள் நம்மிடையே உண்டு.

ஊரில் நன்றாக ஓட்டியவர்கள்தான் வீதித் தேர்வில் அதிகம் மனம் உடைகிறார்கள். காரைக் கையாளத் தெரியாததால் அல்ல. நிற்பதிலும் பார்ப்பதிலும்தான் புள்ளி போகிறது. ‘ஸ்டாப்’ பலகையில் சக்கரம் முற்றாக நிற்க வேண்டும். வீதி வெறிச்சோடிக் கிடந்தாலும் நிற்க வேண்டும். நான்கு பக்கமும் ‘ஸ்டாப்’ உள்ள சந்தியில் முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம்; இருவர் ஒன்றாக வந்தால் வலப்பக்கம் நிற்பவருக்கு வழி. சிவப்பு விளக்கில், தடைப் பலகை இல்லாவிட்டால், முற்றாக நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். பாதை மாறும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, தோளுக்கு மேலால் தலையைத் திருப்பிக் கண்ணுக்கு மறைந்த பகுதியைப் பார்க்க வேண்டும். கண்ணை மட்டும் உருட்டினால் தேர்வாளருக்குத் தெரியாது. ஹோர்ன் அடித்து வழி கேட்கும் பழக்கம் இங்கே இல்லை. பாதசாரிக் கடவையில் ஒருவர் கால் வைத்தால், அவர் வீதியை முழுதாகக் கடந்து மறுகரை சேரும்வரை காத்திருப்பது சட்டம்.

பள்ளி பஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் நாம் காணாத விதி இது. பஸ்ஸின் சிவப்பு விளக்குகள் மின்னினால், பின்னால் வருபவர் மட்டுமல்ல, எதிரே வருபவரும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்புத் திட்டு உள்ள வீதியில் மட்டும் எதிர்ப்பக்கத்தாருக்கு விலக்கு. பின்னால் நிற்பவர் 20 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். மீறினால் முதல் தடவையே 400 டொலரிலிருந்து 2000 டொலர் வரை தண்டமும் 6 குற்றப் புள்ளிகளும். 4 அல்லது அதற்கு மேல் புள்ளி கொண்ட ஒரே குற்றத்துக்கே ஜி1, ஜி2 வைத்திருப்பவரின் லைசன்ஸ் 30 நாள் நிறுத்தப்படும். ஓட்டும்போது கையில் போன் பிடித்தாலும் அதே 30 நாள். வேலைக்குக் காரை நம்பியிருக்கும் ஒருவருக்கு அந்த 30 நாள் எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

தேர்வுத் தேதியை இணையத்தில் பதியலாம். மாற்ற வேண்டுமானால் 48 மணி நேரத்துக்கு முன்பே மாற்றுங்கள். பிந்தினால் கட்டணத்தில் பாதி போய்விடும். ஜி2 தேர்வில் சமாந்தரப் பார்க்கிங், மூன்று முறை முன்பின்னாகத் திருப்புதல், சரிவில் நிறுத்துதல் எல்லாம் வரும். தேர்வு சுலபம் என்று கேள்விப்பட்டுத் தூரத்துச் சிற்றூர்களுக்குப் போய் எழுதுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கு நீங்கள் ஓடப்போவது நெரிசல் உள்ள வீதியில்தானே? அங்கேயே பழகி அங்கேயே தேறுங்கள்.

ஜி2 எடுத்தால் தனியாகவும் நெடுஞ்சாலையிலும் ஓட்டலாம். மது மட்டும் அப்போதும் அறவே கூடாது. மேலும் 12 மாதம் கழிந்தால் ஜி தேர்வு, நெடுஞ்சாலையில் ஏறி இறங்குவது உட்பட. ஜி1 எடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் முழு லைசன்ஸுக்கு வந்துவிட வேண்டும். தவறினால் எழுத்துத் தேர்விலிருந்து திரும்பவும் தொடங்க நேரும். பிள்ளை பிறந்தது, வேலை மாறியது என்று பலருக்கு இந்த ஐந்தாண்டு கழிந்துவிடுகிறது.

கோடையில் ஜி2 எடுத்தவர்கள் முதல் பனிக்காலத்தில் இன்னொரு தடவை பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். பனியில் பிரேக் பிடிக்கும் தூரமே வேறு. குளிர்கால டயர் இந்த மாகாணத்தில் கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். அதற்கு இன்சூரன்ஸ் நிறுவனம் கழிவு தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். முதல் ஆண்டுகளில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்போம். மாறிய 6 நாளுக்குள் புதிய முகவரியை மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவுக்கு அறிவித்துவிடுங்கள். தண்டக் கடிதமும் புதுப்பிப்பு நினைவூட்டலும் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கக் கூடாது.