நின்டென்டோ சுவிட்ச் 2: காசு கொடுப்பதிலிருந்து கை வீசி ஆடுவது வரை

எங்கள் பக்கத்தில், இலங்கையின் கிழக்கில், இந்த வீடியோ கேம் கொன்சோல் பெரும்பாலும் இரண்டு வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. ஒன்று, கொழும்பில் இறக்குமதி செய்து விற்கும் கடை. மற்றது, கட்டாரிலிருந்தோ கனடாவிலிருந்தோ லீவில் வரும் சொந்தக்காரரின் சூட்கேஸ். எப்படி வந்தாலும் கணக்கு ஒன்றுதான்: பெட்டியை உடைத்த பிறகு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே தீரும், வாங்கும்போது விடும் பிழை தீராது. அதனால் வாங்கும் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம்.

சுவிட்ச் 2 வெளியானது 2025 ஜூன் 5. 7.9 அங்குலத் திரையுள்ள கொன்சோல், அதன் இரு பக்கமும் காந்தத்தால் ஒட்டும் ஜோய்-கொன் 2 என்ற சிறு கொன்ட்ரோலர்கள், ரீவியோடு இணைக்கும் டொக். ஜோய்-கொன்னைக் கழற்றிக் கையில் பிடித்து வீசினால், ரீவியில் மட்டை வீசும்.

முதலில் மொழியைப் பாருங்கள்

ஜப்பானில் இது இரண்டு வகையாக வெளியானது. 49,980 யென்னுக்கு வெளியான வகை ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். நாடு ஜப்பான் என்று பதிந்த நின்டென்டோ கணக்கை மட்டுமே ஏற்கும். பல மொழி வகையின் வெளியீட்டு விலை 69,980 யென். அமெரிக்காவில் வெளியீட்டு விலை 449.99 டொலர். மற்றக் கடைகளை விட நல்ல மலிவாக யாராவது காட்டினால், அது இந்த ஜப்பானிய வகையா என்று கேளுங்கள். அமைப்புகளுக்குள் போய் மொழியை மாற்ற அதில் வழி இல்லை. சொஃப்ட்வெயர் போட்டு மாற்றித் தருகிறோம் என்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம்.

கடையிலேயே ஒருமுறை ஒன் செய்து காட்டச் சொல்லுங்கள். முதல் திரையே மொழிப் பட்டியல்தான். அதில் ஆங்கிலம் இருந்தால் சரி. தமிழ் எந்த வகையிலும் இல்லை.

கேம் கார்ட்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்த நாட்டில் வாங்கிய கார்ட்டும் ஓடும். ஆனால் கேம் பெட்டியின் முன்பக்கம், கீழே, ‘கேம்-கீ கார்ட்’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் கார்ட்டுக்குள் கேம் இல்லை, திறப்பு மட்டும்தான். முழு கேமையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். போன் டேட்டாவை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். மரியோ கார்ட் வேர்ல்ட் என்ற காரோட்டப் பந்தய கேம் மட்டும் 20 ஜிபியைத் தாண்டுகிறது.

செக்கண்ட் ஹாண்ட் என்றால்

திருட்டு கேம் ஓட்டும் கார்ட் போட்ட கொன்சோல்களை நின்டென்டோ இணையச் சேவையிலிருந்து தடை செய்கிறது. தடை விழுவது கொன்சோலுக்கு, ஆளின் கணக்குக்கு அல்ல. புதுக் கணக்குத் திறந்தாலும் அது போகாது. ஆகவே கல்முனையிலோ காத்தான்குடியிலோ பாவித்ததை வாங்கும்போது, உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் கொன்சோலை இணைத்து நின்டென்டோவின் இணையக் கடையான ஈஷாப் திறக்கிறதா என்று பார்த்துவிட்டே காசை எண்ணுங்கள். ஜோய்-கொன்களில் பெருவிரலால் தள்ளும் இரண்டு ஸ்டிக்கையும் எல்லாத் திசைக்கும் தள்ளிப் பாருங்கள். விட்ட பிறகும் திரையில் உள்ள குறி தானாக நகர்ந்தால் விலை பேச இடமுண்டு.

புதிதாக வாங்கினால் பில்லில் உத்தரவாதம் எத்தனை மாதம், பழுது பார்ப்பது யார் என்று எழுதி வாங்குங்கள். வெளிநாட்டில் வாங்கியதன் உத்தரவாதம் இங்கே உதவும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பெட்டிக்குள் இருக்க வேண்டியவை

கொன்சோல், இடது வலது ஜோய்-கொன் 2, டொக், அடப்டர், யூஎஸ்பி-சி கேபிள், எச்டிஎம்ஐ கேபிள், ஜோய்-கொன் 2 கிரிப் (இரண்டையும் ஒன்றாகப் பூட்டிப் பிடிக்க), மணிக்கட்டு வார் இரண்டு. வார்தான் சின்னதாக இருந்து தொலைந்துபோகும் பொருள். கை வீசி ஆட அது கட்டாயம், இருக்கிறதா என்று பாருங்கள்.

திரையின் மேல் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். புதுப் போனில் உரிப்பதுபோல அதை உரிக்கக் கூடாது. திரை உடைந்தால் துண்டுகள் சிதறாமலிருக்கக் கம்பனியே ஒட்டியது அது. கீறல் படாமலிருக்கக் கண்ணாடி ஒட்ட வேண்டுமென்றால் அதற்கு மேலேயே ஒட்டுங்கள்.

மின்சாரம்

அடப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். எங்கள் 230 வோல்ட்டுக்கு டிரான்ஸ்போமர் தேவையில்லை. விற்கப் பார்த்தால் வாங்காதீர்கள். மாறுவது பிளக்கின் வடிவம் மட்டும். கட்டார், டுபாய், இங்கிலாந்திலிருந்து வந்தால் சதுர முப்பின், 13 அம்பியர் பிளக் பொயின்றில் நேரே போகும். கனடா, ஜப்பான் என்றால் தட்டை இருபின். பிரான்ஸ், ஜேர்மனி என்றால் உருண்டை இருபின். இவற்றுக்கு நல்ல மாற்றுப் பிளக் ஒன்று வாங்குங்கள். ஆடுகிற மல்டி பிளக்கில் சொருகினால் பொறி பறக்கும், அடப்டர் போகும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் கரண்ட் திடீரெனக் கூடினால் தடுக்கும் பாதுகாப்புள்ள (surge) எக்ஸ்டென்ஷன் கோட். ஆனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் அதையும் நம்ப வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள். டொக்கில் லான் கேபிள் பூட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். கொன்சோலுக்குள் 5220 மில்லி அம்பியர்-மணிப் பற்றரி இருக்கிறது. டொக்கிலிருந்து எடுத்துக் கையில் வைத்து ஆட்டத்தைத் தொடரலாம். கேமைப் பொறுத்து 2 மணித்தியாலம் முதல் ஆறரை மணித்தியாலம் வரை தாங்கும்.

ரீவியில் பூட்டுதல்

1. டொக்கின் பின்மூடியைத் திறந்து, அடப்டர் கேபிளையும் எச்டிஎம்ஐ கேபிளையும் சொருகுங்கள். பெட்டியில் வந்த எச்டிஎம்ஐ கேபிளையே பாவியுங்கள். பழைய கேபிளில் 4கே வராமல் போகலாம்.

2. எச்டிஎம்ஐயின் மறுமுனை ரீவிக்கு. எந்தத் துளை என்று இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. அடப்டரைப் பிளக்கில் போட்டு ஒன் செய்யுங்கள்.

4. கொன்சோலின் திரை முன்பக்கம் பார்க்க, நேராக டொக்கில் இறக்குங்கள். சரித்துத் திணித்தால் கீழ்ப்பக்க யூஎஸ்பி-சி துளை பழுதாகும்.

5. றிமோட்டில் அதே எச்டிஎம்ஐ இலக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்.

படம் வரவில்லை என்றால் முதலில் அடப்டரைச் சந்தேகப்படுங்கள். போன் சார்ஜர் கொன்சோலுக்குச் சார்ஜ் ஏற்றலாம், டொக்கை இயக்காது. பழைய சுவிட்ச் அடப்டரும் அப்படித்தான். டொக்குக்குப் புது 60 வாட் அடப்டர் வேண்டும். பழைய சுவிட்சின் டொக் இதற்குப் பொருந்தாது.

படம் வந்ததும் ரீவியின் அமைப்பில் ‘கேம் மோட்’ ஒன் செய்யுங்கள். ரீவி படத்தை அழகுபடுத்த எடுக்கும் நேரம் அதில் குறையும். இதைச் செய்யாமல் ஆடுபவர்தான், கையை வீசி முடிந்த பிறகு மட்டை அசைகிறது என்று கொன்ட்ரோலரைக் குறை சொல்வார்.

முதல் ஓட்டம்

மொழி, நாடு, வைஃபை, நேரம், பெயர் என்று கேட்டுக்கொண்டே போகும். பிறகு சிஸ்டம் அப்டேட் கேட்கும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். பழைய சுவிட்ச் கேம்கள் ஓடவும் அப்டேட் வேண்டும். ரௌட்டரில் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் இரண்டும் இருந்தால் 5இல் இணையுங்கள். ஜோய்-கொன் பேசுவது புளூடூத்தில், அதுவும் 2.4இல்தான். இரண்டும் ஒரே வழியில் நெரிபட்டால் கை வீச்சு இடையிடையே அறும்.

இலங்கைக்கென்று ஈஷாப் இல்லை. நின்டென்டோ கணக்கில் ஈஷாப் உள்ள ஒரு நாட்டைத் தெரிவு செய்து, அதே நாட்டின் பிரீபெய்ட் குறியீட்டை வாங்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் இங்கிலாந்துக் குறியீடு ஏறாது. கணக்கில் மீதிக் காசு கிடந்தால் நாட்டை மாற்றவும் விடாது. ஒரு நாட்டைப் பிடித்தால் அதிலேயே இருங்கள்.

உள் நினைவகம் 256 ஜிபி. தொடக்கத்துக்கு அது போதும். பிறகு தேவைப்பட்டால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்ட்தான் வாங்க வேண்டும். பின்பக்கம் இரண்டு வரிசை முனைகள் இருக்கும். போனுக்குப் போடும் சாதாரண மைக்ரோ எஸ்டியில் கேம் சேமிக்க முடியாது.

கையில் பிடித்து வீசுதல்

2006இல் வந்த நின்டென்டோவின் வீ கொன்சோலுக்கு ரீவியோடு ஒரு சென்சர் பட்டி வைக்க வேண்டியிருந்தது. இதற்கு ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு ஜோய்-கொன்னுக்குள்ளும் கை அசைவை அறிய இரண்டு உணரிகள் உள்ளன. முடுக்கமானி, கை எந்தப் பக்கம் எவ்வளவு விசையாகப் போகிறது, கீழ்த்திசை எது என்பதை அறியும். கைரோஸ்கோப், கை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அறியும்.

கைரோ சொல்வது வேகத்தை மட்டும்தான். அந்த வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் கொன்சோல் கையின் திசையைக் கணிக்கிறது. ஆகவே சின்னப் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். மேல் கீழ்ப் பிழையைப் புவியீர்ப்பு திருத்திவிடும்; இடம் வலத்தைத் திருத்த எதுவும் இல்லை. அதனால்தான் ஆடிக்கொண்டிருக்கையில் திரையில் உள்ள குறி மெல்லப் பக்கவாட்டில் விலகுகிறது. இது பழுது அல்ல. குறியை நடுவுக்குக் கொண்டுவர அநேகமான கேம்களில் ஒரு பொத்தான் இருக்கும், ஜோய்-கொன்னை ரீவிக்கு நேரே நீட்டிப் பிடித்து அதை அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் விலகினால் அளவுதிருத்தம் செய்யுங்கள்: அமைப்புகளில் கொன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ‘கலிபிரேட் மோஷன் கொன்ட்ரோல்ஸ்’ தெரிவு செய்து, ஜோய்-கொன்னை ஆடாத மேசையில் வைத்து, திரை சொல்லும்போது மைனஸ் அல்லது பிளஸ் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பாய், மெத்தை, மடி எதுவும் சரிவராது. ஏசி அறையிலிருந்து சூடான ஹோலுக்குக் கொண்டுவந்த உடனேயும் செய்ய வேண்டாம், உணரி சூட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

கழற்றும்போது பின்னால் உள்ள விடுவிப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டு வெளிப்பக்கமாகச் சரித்து எடுங்கள். நேரே பிடுங்கினால் காந்தம் விடாது. பிறகு வாரைப் பக்கவாட்டில் ஒட்டி, மணிக்கட்டில் இறுக்குங்கள். ஈரக்கையில் ஜோய்-கொன் வழுக்கிப்போய் ரீவித் திரையில் மோதினால், புது ரீவியின் விலை கொன்சோலை மிஞ்சும். வியர்வையைத் துடைக்க ஒரு துவாய் பக்கத்தில் இருக்கட்டும்.

இடத்துக்கு நாடாவால் அளக்கத் தேவையில்லை. ரீவியிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி நின்று, கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றி, எல்லாப் பக்கமும் இன்னும் ஒரு அடி வெறுமையாக இருந்தால் ஆடலாம். எங்கள் வீடுகளில் இரண்டு ஆபத்து: தாழத் தொங்கும் சீலிங் ஃபேன், பின்னால் தவழும் பிள்ளை. உயரமானவர் பட்மின்டன் அடிக்கும்போது ஃபேனை நிறுத்தினால்தான் நல்லது. டைல்ஸ் தரையில் காலுறையோடு ஆடாதீர்கள், வெறுங்கால்தான் வழுக்காது.

தொடங்க நல்ல கேம் நின்டென்டோ சுவிட்ச் ஸ்போர்ட்ஸ். பழைய சுவிட்சுக்கு 2022இல் வந்தது, இதிலும் ஓடும். போலிங்கில் தொடங்குங்கள், பெரியம்மாவுக்கும் உடனே பிடிபடும். ஆளுக்கு ஒரு ஜோய்-கொன் என்பதால் ஒரு சோடியிலேயே இருவர் டென்னிஸ் ஆடலாம். இரண்டாவது சோடியை ஆறுதலாக வாங்குங்கள். பழைய சுவிட்சின் ஜோய்-கொன்னும் வயரில்லாமல் இதோடு சேரும். கொன்சோலில் ஒட்டாது, சார்ஜ் வேறாகத்தான். கிரிக்கெட் மட்டும் அந்த கேமில் இல்லை. எங்கள் பெடியன்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

உடற்பயிற்சிக்கு, வளையத்தைப் பிடித்து ஆடும் ரிங் ஃபிட் கேம் வாங்குவதாக இருந்தால் கவனம்: அதன் வளையத்தில் புது ஜோய்-கொன் பொருந்தாது, பழைய சோடி கட்டாயம்.

சூடும் ஈரமும்

கம்பனி சொல்லும் பாவனை வெப்பநிலை 5 முதல் 35 பாகை செல்சியஸ். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறைப் பின்னேரங்கள் இதைத் தாண்டும். தகரக் கூரை வீட்டில் இன்னும் மோசம். டொக்கைக் கண்ணாடி அலுமாரிக்குள் அடைக்க வேண்டாம். திறந்த மேசையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். புழுதிக்குத் துணி போட்டு மூடுவதென்றால் ஓஃப் செய்த பிறகுதான்.

கடற்கரையோரம் வீடு என்றால் உப்புக் காற்று முனைகளில் படியும். ஆடாத நாட்களில் ஜோய்-கொன்னைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், துடைப்பது உலர்ந்த மென்துணியால் மட்டும். எப்போதும் டொக்கிலேயே கிடக்கும் கொன்சோலுக்கு, 90 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் தெரிவு அமைப்புகளில் உண்டு. ஒன் செய்தால் பற்றரி நாட்படும். பரீட்சைக் காலத்தில் அலுமாரிக்குள் பூட்டி வைத்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துச் சார்ஜ் ஏற்றுங்கள். அடியோடு இறங்கிய பற்றரி பிறகு ஏறாமலே போகலாம்.